வயிறு: இயல்பு

டாக்டரம்மாவுக்கு வாய் ஓயாது. மேஜைமேல் நாயோ பூனையோ ஏறியதும் பேச்சு தொடங்கிவிடும். "வாடா ராசா, என்ன இப்படி இளைச்சுப்போயிட்ட? உங்க வீட்ல சோறு போடறாங்களா, இல்ல தட்டை மட்டும் காட்டிட்டு எடுத்துடறாங்களா?" என்று வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்க, கை பாட்டுக்குக் காது, கழுத்து, நெஞ்சு, வயிறு என்று இறங்கிக்கொண்டே போகும். அந்தப் பேச்சில் மிருகம் அடங்குகிறதோ இல்லையோ, கூட வந்த மனிதர்கள் அடங்கிவிடுவார்கள்.

ஆனால் விரல் நுனியில் ஏதாவது தப்பாகத் தட்டுப்பட்டால் மட்டும் அந்த வாய் பட்டென்று மூடிக்கொள்ளும். அதற்கு ஒரு கதை உண்டு. வேலைக்கு வந்த புதிதில் ஒரு பூனையின் வயிற்றில் கை வைத்தவர், வாய் தவறி "அடடா" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் ஆறடி உயரத்தில் ஒரு லாரி டிரைவர். அந்த ஆள் அப்படியே மேஜை விளிம்பில் மோதிச் சரிந்தார். நெற்றியில் நாலு தையல். பூனைக்கு வந்திருந்தது வெறும் மலச்சிக்கல்.

அன்றைக்கு எடுத்த முடிவு இது: கை முதலில், வாய் அப்புறம். எதைக் கண்டாலும் அந்த இடத்தில் சொல்லக்கூடாது. கையைக் கழுவ வேண்டும், நாற்காலியில் உட்கார வேண்டும், சிகிச்சை அட்டையை இழுத்து வைத்து எழுத ஆரம்பிக்க வேண்டும், எழுதிக்கொண்டே நிதானமாகச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் நடந்தது. எழுதும் நேரம்தான் சொல்லும் நேரம். எழுதுவது நின்றுபோனால் சொல்வதும் நின்றுபோகும் என்று அவரும் நினைக்கவில்லை, வேறு யாரும் நினைக்கவில்லை.

போன வருஷம் அந்த இயந்திரம் வந்தது. இயந்திரம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மேஜைக்கு நேர் மேலே சுவரில் பிஸ்கட் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம், பக்கத்தில் ஒரு திரை. அறையில் பேசுவதையெல்லாம் கேட்டு, தேவையானதை மட்டும் பொறுக்கி, அழகான வாக்கியமாகச் சிகிச்சைக் குறிப்பு எழுதிவிடும். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சந்தேகப்படும் இடத்தில் மஞ்சள் வட்டம் போடும். எடைக்குத் தகுந்த மருந்தளவு சொல்லும். செயற்கை நுண்ணறிவு என்று விற்க வந்தவர் பெயர் சொன்னார். கம்பவுண்டர் அம்மா, பதினெட்டு வருஷமாக அங்கே ஊசி போடுகிறவர், ஒரு வாரம் அதைப் பார்த்துவிட்டு "சம்பந்தி" என்று பெயர் வைத்தார். "நாம எப்பவோ வாய் தவறிச் சொன்னதைக்கூட எழுதி வச்சுக்கிட்டு, சாவகாசமாக் கேள்வி கேக்குது பாருங்க. சம்பந்தி இல்லாம வேற யாரு?"

நியாயமாகச் சொன்னால் சம்பந்தியின்மேல் குறை சொல்ல இடமில்லை. வந்த மூன்றாம் மாதமே, ஒரு கிழப்பூனையின் ரத்த அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்து, சிறுநீரகம் மெல்லக் கெட்டுக்கொண்டு வருகிறது என்று சொன்னது. தனித்தனியாகப் பார்த்த டாக்டரம்மாவுக்கு அது பிடிபடவில்லை. ஒரு முயலுக்குத் தவறுதலாக இரட்டிப்பு மருந்து போக இருந்ததைத் தடுத்தது. தெரியாததைத் தெரியும் என்று அது ஒருநாளும் சாதித்ததில்லை. சந்தேகம் வந்தால் கேட்கும். அன்றன்றைய சந்தேகங்களையெல்லாம் பட்டியலாகப் போட்டு மதியம் திரையில் காத்திருக்கும். இதை இப்படிப் பதியலாமா? ஆம், இல்லை. அதைப் பதியலாமா? ஆம், இல்லை. முதல் மாதம் டாக்டரம்மா ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். அப்புறம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார். அப்புறம் படிப்பது போய் விரல் மட்டும் மிஞ்சியது.

அந்த இயந்திரத்தைப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டவர், மேஸ்திரி என்ற நாயின் எஜமானி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. டாக்டரம்மாவின் கையெழுத்தைப் பல வருஷம் சகித்துக்கொண்டவர். "இத்தனை நாள் நீங்க எழுதினதுக்கு மார்க் போட்டிருந்தா ஃபெயில்தான் டாக்டர்" என்று சொல்லி, பிழையில்லாமல் அச்சாகி வந்த குறிப்பை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். டாக்டரம்மாவும் பெருமையாக, "நான் மறந்தாலும் இது மறக்காது டீச்சர்" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மேஸ்திரி ஒன்பது வயசுப் பழுப்பு நாய், நெஞ்சில் மட்டும் வெள்ளை. குட்டியாக இருந்தபோது பக்கத்து மனையில் வீடு கட்டினார்கள். காலையில் போய் மணல் குவியலில் உட்கார்ந்தால் கடைசி ஆள் மண்வெட்டியைக் கழுவி வைக்கும்வரை எழுந்திருக்காதாம். அதனால் அந்தப் பெயர். வீட்டில் இரண்டே பேர், அக்காவும் தங்கையும். அக்கா டீச்சர்; கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. தங்கை கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்கா வீட்டிலேயே தையல் மெஷினோடு ஒதுங்கியவர். பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பார். அக்கா சொல்வதற்கு முன்பே தலையாட்டிவிடும் ரகம். நாய் யாருடையது என்று கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் "அவளோடது" என்று மற்றவரைக் கைகாட்டுவார்கள். இருவர் மடியும் அதற்குச் சொந்தம்.

தடுப்பூசிக்கு அன்று தங்கை மட்டும் வந்தார்.

"அக்கா ஊருக்குப் போயிருக்கா டாக்டர். பொண்ணுக்குப் பிரசவம். வர ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் நான்தான் இவனுக்கு எல்லாம்" என்று சொல்லி, சின்னப் பெண்போலச் சிரித்தார். ஒரு பொறுப்பு முழுசாகத் தன் கைக்கு வந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"வாய்யா மேஸ்திரி, தெருவுல வேலையெல்லாம் ஒழுங்கா நடக்குதா? ஆள் யாரும் ஓபி அடிக்கலையே? எங்க, வயித்தைக் காட்டு பாப்போம்..."

இடது விலாவுக்குக் கொஞ்சம் பின்னால், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒன்று விரலில் பட்டு வழுக்கிக்கொண்டு போனது.

டாக்டரம்மாவின் வாய் நின்றது. இரண்டு கையாலும் மெல்ல அணைத்துத் திரும்பத் தேடினார். இருந்தது. மண்ணீரலாக இருக்கும். இன்றைக்கே ஸ்கேன் எடுத்துவிட வேண்டும், கையைக் கழுவிவிட்டு இந்த அம்மாவை உட்காரவைத்துப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நாய் வாலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கதவு தடாரென்று திறந்தது. பால் வேன் ஏறிய ஒரு தெருநாயைச் சாக்கில் வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாக்கிலிருந்து ரத்தம் வழிந்து வாசல்வரை கோடு போட்டிருந்தது. டாக்டரம்மா அடுத்த அறைக்கு ஓடினார். கால் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. உயிர் தங்கியது. அந்த நாய் இன்றைக்கும் மூன்று காலில் அந்தத் தெருவையே ஆள்கிறது.

ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது கம்பவுண்டர் அம்மா சொன்னார். "தையல்காரம்மா நாய்க்கு ஊசி போட்டு அனுப்பிட்டேம்மா. பாவம், ரத்தத்தைப் பாத்து அந்தம்மா வெலவெலத்துப்போச்சு."

"சரி" என்றார் டாக்டரம்மா. அவர் காதில் விழுந்ததே ஒழிய மனசில் விழவில்லை.

மதியம் திரையில் இருபத்தொரு கேள்விகள் காத்திருந்தன. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், அந்தத் தெருநாயை யார் வைத்துக்கொள்வது என்று நகராட்சி ஆளோடு வாக்குவாதம், ஒரு கையில் ரொட்டி. பதினாலாவது கேள்வி இது: மேஸ்திரி. வயிறு தொட்டுப் பார்க்கப்பட்டது. குறை எதுவும் சொல்லப்படவில்லை. 'இயல்பு' என்று பதியலாமா?

ஆம்.

அறுபத்தெட்டாம் நாள் காலையில் அக்காவும் தங்கையும் ஒரு போர்வையின் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். நடுவில் மேஸ்திரி. அக்கா முந்தைய நாள்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்தார். நாய் அவரைப் பார்த்து வாலாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்திருக்கிறது, பேரக்குழந்தையின் வாசனையை அவர் புடவையில் முகர்ந்திருக்கிறது. காலையில் எழுந்திருக்கவில்லை.

ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வயிறு உப்பி, தட்டினால் தண்ணீர்க் குடம்போலத் தளும்பியது. ஸ்கேன் கருவியை வைத்ததும் திரையில் சம்பந்தி தாமதிக்காமல் மஞ்சள் வட்டம் போட்டது. மண்ணீரலில் கட்டி. வெடித்து உள்ளே ரத்தம் கசிகிறது. கட்டி இப்போது இரண்டு கைப்பிடி அளவு. கம்பவுண்டர் அம்மா ஊசிக்கு நரம்பு தேடிக்கொண்டிருந்தபோதே மேஸ்திரி ஒரு நீண்ட மூச்சு விட்டது. அடுத்த மூச்சு வரவில்லை.

அக்காதான் முதலில் பேசினார். பள்ளிக்கூடக் குரல், ஆனால் அடியில் உடைந்திருந்தது.

"இது எப்பலேர்ந்து இருந்திருக்கும் டாக்டர்?"

கேள்வி காதில் விழுந்த அதே நொடியில் டாக்டரம்மாவின் விரல்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது. எலுமிச்சம்பழம். வழுக்கிக்கொண்டு போனது. வாய் மூடிக்கொண்டது. கையைக் கழுவிக்கொண்டு சொல்லலாம் என்று குழாயடிக்குப் போனார். எத்தனை தடவை சோப்புப் போட்டார் என்று அவருக்கே தெரியாது.

அதற்குள் கம்பவுண்டர் அம்மா, துக்கத்தில் நிற்பவர்களைக் காக்கவைக்க மனசில்லாமல், சம்பந்தி அச்சடித்த குறிப்பை எடுத்து நீட்டிவிட்டார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வகுப்பில் படிப்பதுபோல வாய்விட்டுப் படித்தார். "அறுபத்தெட்டு நாட்களுக்கு முன் நடந்த பரிசோதனையில் வயிறு இயல்பாக இருந்தது. ஆகவே கட்டி அதன் பிறகே கைக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இடைப்பட்ட நாட்களில் பசிக்குறைவு, சோர்வு போன்ற அறிகுறிகள் இருந்திருக்கலாம்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பிழையில்லை. கொடுத்ததை வைத்துக்கொண்டு சரியாகத்தான் யோசித்திருந்தது. கொடுத்ததுதான் பொய்.

அக்கா தாளை நாலாக மடித்தார். தங்கையைப் பார்த்தார்.

"ரெண்டு மாசம் உன்னை நம்பி விட்டுட்டுப் போனேன்."

அவ்வளவுதான் சொன்னார். டாக்டரம்மா ஈரக்கையோடு திரும்பியபோது இருவரும் போர்வையைத் தூக்கியிருந்தார்கள். அப்போதும் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். காத்திருப்பு அறையில் ஆறு பேர், குரைக்கும் நாய் இரண்டு, இப்போதா சொல்வது, அப்புறம் போன் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு சாக்குச் சொன்னது. மனசு சொல்லும் சாக்கைக் கேட்க நமக்கெல்லாம் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

போன் போடவில்லை. பன்னிரண்டு நாள் ஆயிற்று.

பதின்மூன்றாம் நாள் தங்கை தனியாக வந்தார். கையில் மேஸ்திரியின் போர்வை துவைத்து மடித்து, மேலே சாப்பாட்டுக் கிண்ணம். "இங்க வேற நாய்க்கு ஆகும்னு..." என்று மேஜைமேல் வைத்தார். பிறகும் போகவில்லை. பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். தையல்காரர்கள் தோள் அளவு, இடுப்பளவு குறிக்கும் அளவு நோட்டு.

"டாக்டர், இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? அக்கா எழுதச் சொன்னா. நீங்க ஊசி போட்ட நாள்லேர்ந்து ஒவ்வொரு நாளும் அவன் என்ன சாப்பிட்டான், எப்படி இருந்தான்னு. நாப்பத்தோரு நாளுக்கு எழுதிட்டேன். மிச்சம் ஞாபகம் வரல."

பக்கம் பக்கமாகக் கோடு போட்டு, தேதி போட்டு, பென்சிலால் எழுதி அழித்து எழுதியிருந்தார். இன்று முழுக்கச் சாப்பிட்டான். இன்று முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டான். இன்று மாடிப்படியில் பாதியில் நின்றான், கூப்பிட்டதும் வந்தான். சில நாட்களுக்கு எதிரே வெறும் கேள்விக்குறி.

"முகர்ந்து பாத்தானே, அதுவா டாக்டர்? இல்ல, படியில நின்னானே, அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணுமா? எந்த நாள்னு தெரிஞ்சாப் போதும். எனக்கு அது தெரியணும். அக்கா திட்டக்கூட மாட்டேங்கறா. பேசறதே இல்ல. தட்டை வச்சிட்டுப் போயிடறா. நான் வேற வீடு பாத்துக்கலாம்னு இருக்கேன். அவ மூஞ்சில முழிக்க முடியல."

சொல்லும்போது அவர் அழவில்லை. அதைப் பார்க்கத்தான் டாக்டரம்மாவுக்குத் தாங்கவில்லை. நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன். அக்காவையும் இருக்கச் சொல்லுங்க" என்பதோடு முடித்துக்கொண்டார்.

அன்று மதியம் அறையைச் சாத்திக்கொண்டு சம்பந்தியிடம் தடுப்பூசி போட்ட நாளின் ஒலிப்பதிவைக் கேட்டார். தொண்ணூறு நாள்வரை வைத்திருந்து அழித்துவிடும் ஏற்பாடு. இன்னும் பத்து நாள் பாக்கி. முதலில் அவர் குரல், தெருவேலை பற்றிய கிண்டல், "எங்க, வயித்தைக் காட்டு பாப்போம்". பிறகு ஒன்றுமில்லை. சுவர்க் கடிகாரம் டிக் டிக்கென்றது. வால் மேஜைத் தகரத்தில் தட்டும் சத்தம். சங்கிலி ஒரு தரம் சலசலத்தது. பதினாலு விநாடி. அப்புறம் கதவு தடாரென்று திறந்தது. மூன்று தரம் திரும்பக் கேட்டார். ஒருவேளை முணுமுணுத்தாவது இருப்போமோ என்று ஒரு நப்பாசை. இல்லை.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்த கம்பவுண்டர் அம்மா விஷயத்தைப் புரிந்துகொண்டார். தலையில் கை வைத்தார்.

"நான்தான்மா அந்தம்மாவை அவசரப்பட்டு அனுப்பினேன்."

"நீங்க என்ன பண்ணுவீங்க? என் கைக்குத் தெரிஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப விட்டுடுங்க. நீங்க போய்ச் சொன்னா நாய் எந்திரிச்சு வரப்போகுதா? பத்து நாள்ல இதுவும் அழிஞ்சிடும். உங்க பேரைக் கெடுத்துக்கிட்டு..."

"அந்தப் பொம்பளை நோட்டுல கேள்விக்குறி போட்டு வச்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. கம்பவுண்டர் அம்மா வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

டாக்டரம்மா குறிப்பைத் திறந்து 'இயல்பு' என்பதை அடித்தார். திருத்தத்திற்கான காரணம் என்ன என்று சம்பந்தி கேட்டது. "கட்டி அன்னிக்கே கையில பட்டுச்சு. நான் சொல்லல. நீ கேட்டப்ப படிக்காம ஆம்னு போட்டுட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அது எந்தக் கோபதாபமும் இல்லாமல் அதையும் நல்ல வாக்கியமாக மாற்றி எழுதி, அச்சடித்துக் கொடுத்தது. டீச்சருக்கு எழுத்தில் இருந்தால்தான் நம்பிக்கை வரும் என்று அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டார். பேச்சுப் பதிவையும் போனில் ஏற்றிக்கொண்டார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் போனார். முன்னறையில் அக்கா நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சுவர் ஆணியில் சங்கிலி தொங்கியது. உள்ளறையில் தையல் மெஷின், அதன்மேல் பாதி தைத்த நீலச் சட்டைகள். தங்கை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்காராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் வீட்டிலேயே விருந்தாளிபோல நின்றார்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். தாளை நீட்டினார். அக்கா கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார். பழைய தாளையும் கைப்பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"அன்னிக்கு ஒரு பேப்பர், இன்னிக்கு ஒரு பேப்பர். முடிஞ்சு போன பரீட்சையில திருத்தி எழுதினா நான் மார்க் போட்டதே இல்ல டாக்டர்."

"இது பரீட்சை இல்ல டீச்சர். நான் பண்ணின தப்பு."

"இவ உங்ககிட்ட வந்து அழுதிருப்பா. உங்களுக்கு இளகின மனசு. இவளைக் காப்பாத்தணும்னு பழியை உங்க தலையில போட்டுக்கறீங்க. நீங்க மறந்தாலும் அந்த இயந்திரம் மறக்காதுன்னு நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க?"

தப்பை ஒத்துக்கொள்ள வந்தால் நம்பவும் மாட்டார்கள் என்று டாக்டரம்மா எதிர்பார்க்கவில்லை. போனை எடுத்து மேஜைமேல் வைத்துப் பதிவைப் போட்டார். அவர் குரல். மேஸ்திரியைக் கிண்டல் செய்தது. தங்கையின் சிரிப்பு ஒரு துளி. பிறகு கடிகாரம். வால் தகரத்தில் தட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அக்காவின் முகம் கோணிக்கொண்டது. பதினாலு விநாடி ஓடி முடிந்தது.

"இதுல என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லையே" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஒண்ணுமில்லாததுதான் டீச்சர். எனக்கு வாய் நின்னாத் தப்புன்னு அர்த்தம்..." டாக்டரம்மாவுக்குத் தான் சொல்வது தனக்கே கேலிக்கூத்தாகப் பட்டது.

கதவு நிலையிலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"அக்கா, டாக்டர் சொல்றது நிஜம்தான்."

இருவரும் திரும்பினார்கள்.

"இந்த இடத்துல டாக்டர் மூஞ்சி மாறிச்சு. நான் பாத்தேன். பேசிக்கிட்டே இருந்தவங்க கப்புனு நிறுத்தினாங்க. அதே இடத்துலயே திரும்பக் கை வச்சாங்க. என்னமோ இருக்குன்னு எனக்குத் திக்குனு இருந்துச்சு. கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள அந்த அடிபட்ட நாய். அப்புறம் ஊசி போட்டு, போகலாம்னு சொன்னாங்க. எதுவும் இருந்தா சொல்லியிருப்பாங்கன்னு வந்துட்டேன். எதையும் கேக்காம வந்துடலாம்னுதான் எனக்கும் இருந்துச்சு."

இத்தனை நாளில் டாக்டரம்மாவுக்குக் கிடைத்த ஒரே சாட்சி அதுதான். அக்கா இப்போது நம்பினார். அவர் முகத்திலேயே அது தெரிந்தது. இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரம் சரிசெய்தார்.

"பாத்துட்டியா?"

தங்கை தலையாட்டினார்.

"பாத்துட்டு, ஒரு வார்த்தை கேக்காம கூட்டிட்டு வந்துட்டியா? வந்து எனக்கும் சொல்லலையா? தினம் போன்ல பேசினேனே. மேஸ்திரி எப்படி இருக்கான், நல்லா இருக்கான்க்கா. எப்படி இருக்கான், நல்லா இருக்கான்க்கா."

"டீச்சர், அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. சொல்ல வேண்டியது நான்" என்று டாக்டரம்மா குறுக்கே விழுந்தார்.

"நீங்க உங்க தப்பைச் சொல்லிட்டீங்க டாக்டர். வீடு தேடி வந்து சொல்லிட்டீங்க. அது பெரிய மனசு. உங்களுக்கு ஒரு நாளைக்கு முப்பது நாய், தவறும். இவளுக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணு." அக்கா எழுந்தார். "எழுதச் சொன்ன நோட்டுலகூட இவ இதை எழுதல."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. பாரத்தை இறக்கிவிட்டுப் போக வந்தவர், இன்னும் பெரியதாக ஒன்றை ஏற்றிவிட்டு எழுந்தார். தங்கை தெரியாமல் செய்த குற்றமாக இருந்தது இப்போது தெரிந்தே செய்ததாகிவிட்டது. அதற்குச் சாட்சி சொன்னவரும் அவரேதான்.

தங்கை வாசல்வரை வந்தார். டாக்டரம்மா செருப்பை மாட்டிக்கொள்ளும்வரை நின்றார். அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"அன்னிக்கு நான் கேட்டிருந்தா, நீங்க சொல்லியிருப்பீங்க, இல்ல?"

டாக்டரம்மா நிமிர்ந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். அத்தனை பேரிடமும் "ஒண்ணுமில்ல, இருங்க, கையைக் கழுவிட்டு வர்றேன்" என்றுதான் சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் அதையே சொல்லியிருப்பார், ரத்தம் வழிந்த அந்தச் சாக்கைப் பார்த்ததும் ஓடியிருப்பார். அல்லது ஒருவேளை, கேள்வி என்று ஒன்று காதில் விழுந்திருந்தால், ஓடி முடித்த பிறகாவது ஞாபகம் வந்திருக்கும். எது நிஜம் என்று அவருக்கே தெரியவில்லை. 'சொல்லியிருக்க மாட்டேன்' என்று சொல்லிவிட வேண்டியதுதான். இந்தப் பெண் இன்றைக்குத் தூங்குவாள். ஆனால் அதைச் சமாதானத்துக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதபடி, நம்பும்படி, பக்குவமாக எப்படிச் சொல்வது என்று வார்த்தையைத் தேடினார்.

தேடும்போது வாய் மூடியிருந்தது.

தங்கை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு முன்பு ஒரு தரம் பார்த்த முகம்தான். இந்தத் தடவை அர்த்தம் தெரியும் என்பதுபோல மெல்லத் தலையாட்டினார்.

"சொல்லியிருப்பீங்க" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

"இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. கதவுதான் கேட்டது. ஓங்கித் தட்டினார். "இல்லம்மா, சொல்லியிருக்க மாட்டேன், கதவைத் திறங்க" என்றார்.

உள்ளே தையல் மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. அவர் மறுபடியும் தட்டினார்.